முற்றமும் பசும்புல்லும்

புல் என்றால் எளியது என்று எண்ணுவது உலகியல்பு. புல்லறிவு, புல்லியர் என்னும் சொற்கள் தோன்றிய மொழி நம்முடையது. அதே மொழியில்தான் மணமக்களை வாழ்த்தும் பெரியோர், ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழ்கவென்று வாழ்த்துகின்றனர். கேரள நாட்டில் திருவாதிரை நோன்பிருக்கும் மகளிர் கூந்தலில் சூடும் தசபுஷ்பங்கள் பத்தனுள் ஒன்று கறுக. அது நம் அறுகே. பிள்ளையார்க்கு அறுகு சாத்துவதை நாம் எல்லோரும் அறிவோம். இங்ஙனம் தலையில் சூடவும் தெய்வத்துக்குச் சாத்தவும் உரிய புல், வீட்டு முற்றத்தில் மட்டும் முளைக்கலாகாது என்பது தென்திருவிதாங்கூர் வீடுகளின் பழைய கட்டளை. விடியுமுன் ஈர்க்கு வாரியலால் பெருக்கி, கோடு கோடாய் வரிபடிந்த வெறுமணல் முற்றமே அங்கு இல்லறத்தின் அடையாளம். பாம்பு பதுங்க இடமிராது என்பது அதன் பயன். இவ்வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று தெருவுக்கு அறிவிப்பது அதன் உட்பொருள்.

இந்தக் கட்டளைக்கும் ஒரு குழந்தையின் தேவைக்கும் இடையே எங்கள் வீட்டில் எழுந்த வழக்கைப் பற்றியதே இக்கட்டுரை.

எங்கள் இல்லம் விழிஞ்ஞத்தில், கடலை நோக்கிய மேட்டில் உள்ளது. ஆய் மன்னர்களின் துறைமுகமாய் விளங்கிய ஊர் இது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் இவ்வூரை வென்றதைச் செப்பேடு சொல்கிறது. சோழர் ஆட்சியில் இராசேந்திர சோழப்பட்டினம் என்ற பெயரும் இதற்கு வழங்கிற்று. முற்றுப்பெறாத புடைப்புச் சிற்பங்களுடன் சிறு குடைவரைக் கோயிலொன்று இன்றும் நிற்கிறது. 2024 சூலையில் புதிய துறைமுகத்தை முதற் பெருங்கப்பல் வந்தணைந்தது. 2025 மே 2ஆம் நாள் துறைமுகம் முறையாகத் திறந்து வைக்கப்பெற்றது. வரலாறு இத்துணைப் பெரிதாயினும் எங்கள் முற்றத்து மண் கடியது. வெட்டுகல் என்று இங்கு வழங்கும் செம்புறாங்கல் பொடிந்து பரலாய்க் கிடக்கும் மண். விழுந்தால் முழங்கால் சிராயாமல் எழ முடியாது.

என் பேரன் நடக்கத் தொடங்கியதே பிந்தித்தான். இரண்டரை வயதிலும் பத்தடிக்கு ஒருமுறை விழுவான். வெறுங்காலோடு மெத்தென்ற தரையில் நாள்தோறும் நடக்க விடுங்கள் என்றார் மருத்துவர். முன்புறத்தில் புல் பதிப்பது என்று மகள் முடிவு செய்தாள். எண்பத்தெட்டு வயதான என் அம்மை இதைக் கேட்டாள். "ஆளில்லாத வீட்டு முற்றத்திலேதான் புல்லு முளைக்கும், மக்களே" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அறுபதாண்டுக் காலம் அம்முற்றத்தைப் பெருக்கிய கை அவளுடையது. அச்சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. குழந்தையின் முழங்காலுக்கும் இல்லை.

எந்தப் புல் என்பது அடுத்த வினா. நாற்றுப் பண்ணைகளில் எருமைப்புல் என்று மலிவாகக் கிடைப்பது அகன்ற இலையுடையது. தென்னை நிழலிலும் தழைக்கும். ஆனால் வெப்ப அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தேறியது. அறுகு வெயிலுக்கு உரியது, நிழலில் மெலியும். மணிலாப்புல் என்பதோ மெல்லிய இலையும் அடர்ந்த படர்ச்சியும் கொண்டது. பெயரைக் கேட்டு அயல்நாட்டது என்று எண்ணுவோம். பைப்பர் என்னும் அமெரிக்கத் தாவரவியலார் மணிலாவிலிருந்து தம் நாட்டுக்கு அதைக் கொண்டு சென்றமையால் வந்த பெயர் அது. உண்மையில் நம் தென்னிந்தியக் கடற்கரை மணலிலும் இயல்பாகவே வளர்வது. உப்புக் காற்றைத் தாங்குவது. மெல்ல வளர்வதால் அடிக்கடி வெட்டவும் வேண்டாதது. அதனையே தேர்ந்தோம்.

காலம் அறிந்து செய்தல் வேண்டும். இடவப்பாதியின் பெருமழையில் பதித்தால் மண்ணே கரைந்தோடும். கோடையில் பதித்தால் கிணறு வற்றும். ஆகவே, துலாவர்ஷம் தொடங்குமுன் புரட்டாசியில் வேலையைத் தொடங்கினோம். முக்கால் அடி ஆழம் கொத்திக் கல் பொறுக்கினோம். கோரைக் கிழங்கு ஒன்று தங்கினாலும் பின்னர்ப் புல்லைத் துளைத்தெழும். அதனால் அதனைத் தேடித் தேடி எடுத்தோம். செம்மண்ணின் புளிப்புத் தணியச் சுண்ணாம்பு தூவி இரண்டு வாரம் ஆறவிட்டு, மட்கிய சாணமும் மணலும் கலந்தோம். மழைநீர் வீட்டுப் பக்கம் வாராமல் வெளிநோக்கி வடியுமாறு நூறு அடிக்கு ஓரடி சரிவு வைத்து, உருளை உருட்டி நிரவினோம். பின்னர் ஓரடிச் சதுரமான புற்பாளங்களைச் சுவர் கட்டும் செங்கல்போல் இணைப்புகள் மாறி மாறி வருமாறு நெருக்கி வைத்து, பலகையால் தட்டி, இடுக்குகளில் மணல் நிரப்பி, உடனே நீர் தெளித்தோம். புல் பதித்தலின் மறைபொருள் ஒன்றே: வேருக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று தங்கலாகாது. மூன்றாம் வாரம் ஒரு பாளத்தின் ஓரத்தைப் பற்றி மெல்ல இழுத்துப் பார்த்தோம், அது வரவில்லை. வேர் பிடித்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. முதல் வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கழித்தல் ஆகாது.

நீர்க் கணக்கு மட்டும் அச்சுறுத்தியது. புல்வெளி என்னும் வழக்கம், ஆண்டு முழுதும் சாரல் விழும் ஆங்கில நாட்டில் செழித்தது. இங்கு மழை மிகுதியே. ஆயினும் தை முதல் பங்குனி வரை வானம் கைவிரித்துவிடும். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்று கொண்டால், 200 சதுர அடிப் புல்லுக்கு ஏறத்தாழ 93 லிட்டர் வேண்டும். கடலோரக் கிணற்றை அளவு மீறி இறைத்தால், நன்னீர் தாழ்ந்த இடத்தை உவர்நீர் பற்றிக்கொள்ளும். அந்நீரையே அண்டை வீட்டாரும் குடிக்கின்றனர். ஆகவே எண்ணூறு சதுர அடி முற்றத்தில் இருநூறுக்குமேல் புல் இல்லை என்று வரையறுத்தோம். கோடையில் அரிசி கழுவிய நீரும் காய்கறி அலசிய நீரும் புல்லுக்கே போயின. சில இடங்கள் பழுத்தன. பழுத்தது பழுக்கட்டும் என்று விட்டோம். இடவ மழையில் அவை தாமே பசுத்தன.

எஞ்சிய அறுநூறு சதுர அடியும் அம்மைக்கு உரியது. வாயிற்படி முதல் துளசி மாடம் வரை மணல் மணலாகவே இருக்கிறது. வாரியல் வரிகளும் அப்படியே விழுகின்றன. கிணற்று நீரை எண்ணி வகுத்த எல்லையே வீட்டுப் பூசலுக்கும் தீர்வாக அமைந்தது. பெரிய பொருத்தங்கள் பல இவ்வாறு சிறிய கட்டாயங்களால் விளைவன போலும்.

பேரன் இப்போதும் விழுகிறான், ஆனால் அழுவதில்லை. அவன் எழும்வரை புல்லின் ஓரத்தில் மணலில் நின்று, கைகொடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள் அம்மை. புல்லின்மீது அவள் இன்னும் கால் வைக்கவில்லை. ஆயினும் அதன்மேல் உதிரும் பலா இலைகளை வாரியல் நுனியால் புல் நோகாமல் தள்ளி எடுத்துவிடுகிறாள். ஆளில்லாத வீட்டுப் புல் தானே முளைப்பது. இது ஆளிருந்து வளர்ப்பது என்பதை வாயால் அவள் ஒப்பவில்லை. கை ஒப்பிவிட்டது.