நம்ம வேகம் நமக்கு

போன வாரம் பெட்ரோல் போட நின்னப்போ பக்கத்து வண்டிப் பையன் கேட்டான். "அங்கிள், மலைக்கெல்லாம் இதுல போவீங்களா? எவ்ளோ போவும்?"

'அங்கிள்'லயே பாதி உயிர் போச்சு. மீதியைக் கையில புடிச்சுக்கிட்டு, "இறங்குறப்போ முப்பது, வளைவுல அதுவும் இல்ல"ன்னேன். பையன் பார்த்த பார்வை இருக்கே... :-)

அந்த முப்பதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு மக்களே. கதைன்னா கதை இல்ல, பதினேழு வருசப் பாவம்.

2023 பிப்ரவரி. ஆபீஸ் பசங்க கொல்லிமலை போறோம்னு கிளம்பினாங்க. அஞ்சு வண்டி. எல்லாருக்கும் இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு. நான் ஒருத்தன்தான் நாப்பத்தி நாலு. "சார், நீங்களும் வாங்க"ன்னு மரியாதைக்குக் கூப்பிட்டிருப்பானுங்க போல. நான் நிஜமாவே போயிட்டேன். வண்டியில ஏபிஎஸ் இருக்கு, கையில கிளவுஸ் இருக்கு, தலையில நல்ல ஹெல்மெட் இருக்கு. தலைக்குள்ளதான் ஒண்ணும் இல்ல.

கொல்லிமலை தெரியாதவங்களுக்கு: காரவள்ளி அடிவாரத்துல இருந்து மேல போறதுக்குள்ள 70 கொண்டை ஊசி வளைவு. ஏறுறப்போ ஒரு கஷ்டமும் தெரியல. ஏத்தத்துல ஆக்ஸிலேட்டரை விட்டாலே வண்டி தானா அடங்கிடும், தப்பு பண்ணினாலும் மலை மன்னிச்சுடும். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுட்டு, ஆகாய கங்கைக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஏறினோம். பசங்க தாவி ஏறிட்டானுங்க. எனக்குத் தொடை ரெண்டும் நடுங்குது. பிரேக்கை மிதிக்கப் போறது அதே கால்தான்கறது அப்ப உறைக்கல.

இறக்கம் ஆரம்பிச்சுது. ஒவ்வொரு வளைவுலயும் முன்னாடி வண்டியோட பின் விளக்கு மட்டும் தெரியும், நான் திரும்பறதுக்குள்ள அதுவும் மறைஞ்சிடும். 'கிழவன் பின்தங்கிட்டான்'னு நினைப்பானுங்களேன்னு நான் முறுக்க ஆரம்பிச்சேன். ஓட்டினது என் கண்ணை வச்சு இல்ல, அவனுங்க விளக்கை வச்சு. பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு இடது வளைவு. வேகமா உள்ள போயிட்டேன், வண்டி வலது பக்கமா அகலமா போகுது. எதிர்ல முழு ரோட்டையும் அடைச்சுக்கிட்டு பஸ் ஏறி வருது.

அந்த நேரத்துல ஒரு விசயம் நடக்கும் பாருங்க. எதைப் பார்த்து பயப்படுறோமோ அதையேதான் கண்ணு பார்க்கும். கண்ணு எங்கயோ வண்டி அங்க. நான் பஸ்ஸோட முன்பக்கத்தையே பார்த்தேன், வண்டி நேரா அதை நோக்கிப் போச்சு. ரெண்டு பிரேக்கையும் இறுக்கினேன். ஏபிஎஸ் கடகடன்னு அடிச்சு, பம்பருக்கு ஒரு கை தூரத்துல நின்னுச்சு. நான் நிறுத்தினதை விட அவர் நிறுத்தினதுதான் அதிகம். என்னைப் பார்த்ததுமே பஸ்ஸை நிறுத்திட்டாரு புண்ணியவான்.

டிரைவர் எட்டிப் பார்த்தாரு. திட்டுவாருன்னு நினைச்சேன். "வூட்டுக்குப் போவ வேணாமா?" அவ்ளோதான். போயிட்டாரு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஓரமா ஒரு கல்லு மேல உக்காந்தப்பதான் 2006 ஞாபகம் வந்துச்சு.

ஏற்காடு. நானும் சித்தப்பா பையனும். என்கிட்ட பல்சர், அவன்கிட்ட ஸ்பிளெண்டர். அவன் ரோட்டுல வண்டி ஓட்ட ஆரம்பிச்சு நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு. இறங்குறப்போ நான் முன்னாடி, அவன் பின்னாடி. கீழ வந்து டீ சொல்லிட்டு உக்காந்திருக்கேன், அவன் வரல. ஒரு வலது வளைவுல திரும்ப முடியாம இடது பக்கத் தடுப்புச் சுவர்ல மோதி, முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டா போயிருந்துச்சு. உள்ள ராடு வச்சாங்க. ஆறு மாசம் படுக்கை. வந்திருந்த வேலையும் போச்சு. சித்தி அழுதப்போ நான் சொன்ன வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கு. "நான் அப்பவே சொன்னேன் சித்தி, அவனுக்கு மலையில ஓட்டத் தெரியாது." அதையே எல்லாரும் சொன்னாங்க. அவனும் மறுத்துப் பேசல.

கல்லு மேல இருந்தே அவனுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு நீ ஏன்டா அவ்ளோ வேகமா வந்தே?"ன்னு கேட்டேன். பதினேழு வருசத்துல மொத தடவை கேக்குறேன்.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நீ கண்ணாடியில ஒரு தடவை கூடப் பாக்கலண்ணா. விட்டுட்டுப் போயிடுவியோன்னுதான் முறுக்குனேன்."

எனக்குப் பேச்சு வரல. "அதெல்லாம் விடுண்ணா, மெதுவா இறங்கி வா"ன்னு அவன்தான் என்னைத் தேத்தினான்.

மீதி வளைவெல்லாம் ரெண்டாவது கியர்ல, கிளட்ச்சைத் தொடாம, இன்ஜினே வண்டியைப் பிடிக்கற மாதிரி இறங்கினேன். வளைவுக்குள்ள போய் பிரேக் அடிக்காம, முன்னாடியே வேகத்தைக் குறைச்சுட்டு, கண்ணை வளைவோட கடைசியில வச்சுக்கிட்டேன். கீழ பசங்க டீ குடிச்சுட்டு இருந்தானுங்க. "என்ன சார், இவ்ளோ லேட்டு?"ன்னு ஒருத்தன் கேட்டான். அவ்ளோதான் அவமானம். இதுக்காகவா அந்த பம்பர் வரைக்கும் போனேன்!

மணிக்கு 40ல போனா ஒரு நொடியில 11 மீட்டர் ஓடியிருப்போம். வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக் பிடிச்ச பின்னாடி வண்டி ஓடுற தூரம் நாலு மடங்கு. வளைவுல எவ்ளோ தூரம் கண்ணுக்குத் தெரியுதோ அதுக்குள்ள நிறுத்த முடியணும். முடியலைன்னா அது நம்ம வேகம் இல்ல, அடுத்தவன் வேகம். அந்த வேகம் ஆளுக்கு ஆள் மாறும். எனக்கே காலையில ஒண்ணு, ஆயிரம் படி ஏறின பின்னாடி வேற ஒண்ணு.

முன்னாடி போறவனுக்கும் ஒரு கடமை இருக்கு. கூட வர்றவங்கள்ல யார் ரொம்ப மெதுவோ அவங்க முன்னாடி போகட்டும். இல்லைன்னா போறதுக்கு முன்னாடியே சத்தமா சொல்லிடணும், "அவசரமே இல்ல, கீழ காத்திருப்பேன்"னு. அன்னிக்கு இந்த ஒரு வரியை நான் சொல்லியிருந்தா அவன் கால் முழுசா இருந்திருக்கும்.

அடுத்த வருசம் ரெண்டு பேரும் மறுபடி ஏற்காடு போனோம். கூப்பிட்டது அவன்தான். இறங்குறப்போ அவன் முன்னாடி. இருபத்தஞ்சுல உருட்டுறான். பின்னாடி வந்தவனெல்லாம் ஹாரன் அடிச்சுட்டு முந்திப் போறான். இவன் ஓரமா ஒதுங்கி வழி விட்டுட்டு, மறுபடி அதே இருபத்தஞ்சு.

ஒவ்வொரு வளைவுக்கு முன்னாடியும் கண்ணாடியில என்னைப் பார்த்துக்கிட்டே போனான். நான் இருக்கேனான்னு.