பின்னால் உட்கார்ந்திருப்பவர்

சென்னையின் தென்புறத்தில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்து நடக்கிறது நான் பார்க்கப் போன தெரபி சென்டர். ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தைகள் வருகிறார்கள். பெரும்பாலும் ஆறு வயதுக்குள். என்னை உட்கார வைத்த அறையில் மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு இரண்டு மிஸ். ஒருவர் எதிரே, ஒருவர் அவன் முதுகுக்குப் பின்னால். பின்னால் இருப்பவர் பாடம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. அது இந்த வேலையின் விதி.

எதிரே இருந்தவர் பபிள்ஸ் குப்பியைத் திறந்து ஒருமுறை ஊதிவிட்டு மூடியை இறுக்கிக்கொண்டார். பையன் குப்பியைப் பிடுங்கப் பாய்ந்தான். அவனுக்கும் குப்பிக்கும் நடுவே பாயில் பபிள்ஸ் படம் ஒட்டிய அட்டை ஒன்று கிடந்தது. அவன் கை நீண்ட அதே கணம், பின்னால் இருந்தவர் அந்தக் கையைப் பற்றி அட்டையை எடுக்க வைத்து, எதிரே விரிந்திருந்த உள்ளங்கையில் போட வைத்தார். "பபிள்ஸ்!" என்று சொல்லிக்கொண்டே எதிரே இருந்தவர் ஊதினார். அட்டை விழுவதற்கும் குமிழிகள் பறப்பதற்கும் நடுவே இடைவெளியே இல்லை. தாமதித்தால் எதைச் செய்ததற்கு எது கிடைத்தது என்று குழந்தைக்குப் புரியாது.

இதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். நான் பின்னால் இருந்தவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பையனின் விரல்களைப் பிடித்திருந்த கை மணிக்கட்டுக்கு நகர்ந்தது. பிறகு முழங்கைக்கு. பிறகு தோளில் வெறுமனே பட்டு நின்றது. கடைசியில் எங்கும் படாமல் காத்திருந்தது. பையன் தானாகவே அட்டையை எடுத்து நீட்டினான். அந்த மிஸ் பக்கத்தில் இருந்த தாளில் ஒரு கூட்டல் குறி போட்டார். அதுவரை போட்டதெல்லாம் "பி" என்ற எழுத்து. உதவியோடு செய்தான் என்று அர்த்தம்.

படத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கும் இந்த முறையை 1985-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி போண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் உருவாக்கினார்கள். "என்ன வேணும்?" என்று கேட்டுக் கேட்டுப் பழக்கினால் குழந்தை அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கும், யாரும் கேட்காவிட்டால் சும்மா இருந்துவிடும். அதனால்தான் எதிரே இருப்பவர் முதலில் எதுவும் கேட்பதில்லை, பின்னால் இருப்பவர் பேசுவதில்லை. பேச்சு வராத குழந்தை தானாக ஒரு மனிதரைத் தேடிப் போய்த் தனக்கு வேண்டியதைத் தெரிவிக்க வேண்டும். அந்த முதல் அடியை அவன்தான் எடுத்துவைக்க வேண்டும்.

வெளியே பெஞ்சில் இருந்த அவன் அம்மாவுக்கு ஒரு பயம். "படத்தக் காட்டியே பழகிட்டா பேச்சே வராமப் போயிடுமா மிஸ்?" இங்கே வரும் பெற்றோரில் பாதிப் பேர் முதல் வாரமே கேட்பது இதைத்தான் என்றார் மூத்த மிஸ். "அப்படி ஆகாதும்மா. கேட்டா கிடைக்கும்னு புரிஞ்ச பிள்ளைக்குத்தான் வாயால கேக்கணும்னே தோணும்." ஆய்வுகளும் அவர் பக்கம்தான். படமோ சைகையோ பேச்சைத் தடுப்பதாகத் தெரியவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடவும் செய்திருக்கிறது.

இன்னொரு அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தார். ஸ்கேல் வைத்துப் பக்கத்துக்கு மூன்று கட்டம் போட்டிருந்தார். முன்னாடி என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், பிறகு நாங்கள் என்ன செய்தோம். அனுமதி கேட்டு ஒரு பக்கத்தைப் படித்தேன். "மணி கோக்க உட்கார வைத்தேன். தலையைத் தரையில் முட்டினான். தூக்கிக்கொண்டேன்." அதற்குக் கீழே: "சாப்பிட உட்கார வைத்தேன். முட்டினான். அத்தை தூக்கிக்கொண்டார்." அதற்கும் கீழே, பல் தேய்க்கும்போது. மிஸ் மூன்றாவது கட்டத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் முட்டியதும் வேலை நின்றுவிடுகிறது. "போதும்" என்று சொல்லத் தெரியாதவன் நெற்றியால் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே காது வலி, பல் வலி இல்லை என்று டாக்டரிடம் காட்டி உறுதி செய்திருந்தார்கள். வலியால் முட்டும் குழந்தைக்கு அட்டை எதற்கு? பிறகு அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது "போதும்" அட்டை. அட்டையை நீட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும், உட்கார்ந்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை என்றாலும். அது நன்றாகப் பிடிபட்ட பிறகுதான், கொஞ்சம் பொறுத்து விடுவது. தொந்தரவான நடத்தையை அதே வேலையைச் செய்யும் ஒரு சொல்லால் மாற்றலாம் என்று உளவியலாளர்கள் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. "வீட்ல எல்லாரும் பிடிவாதம் பிடிவாதம்னு அடிப்பாங்க. நானும் அடிச்சிருக்கேன்" என்று அந்த அம்மா சொன்னபோது மிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

நான் போன வேளையில் அங்கிருந்த ஆசிரியைகள் யாரும் ஜிமிக்கி போட்டிருக்கவில்லை. தலைமுடியைக் கொண்டையாக இறுக்கிக் கட்டி, துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தியிருந்தார்கள். ஒருவர் முன்கையில் பல் பதிந்த தழும்பு. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுவதால் முட்டி வலி எல்லோருக்கும் பொது. சிறப்புக் கல்வி படித்து, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்துகொண்டு வேலைக்கு வருகிறவர்கள் இவர்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றினார்கள். இவ்வளவு நுணுக்கமாகக் கையையும் கண்ணையும் பழக்கிக்கொண்டவர்களுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு மிகமிகக் குறைவு.

நடத்தையைப் பழக்கி மாற்றும் இந்தத் துறைக்கு ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. கலிஃபோர்னியாவில் உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1960-களில் குழந்தைகளை அறைந்தும் மின்னதிர்ச்சி கொடுத்தும் பழக்கினார். 1987-இல் அவர் வெளியிட்ட ஆய்வுதான் உலகப் பெற்றோருக்கு நம்பிக்கை தந்தது: வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண முதல் வகுப்பில் தேறினார்கள். ஆனால் அந்தப் பயிற்சியிலும் உரத்த அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன. எந்தக் குழந்தைக்கு இந்த முழுப் பயிற்சி என்று குலுக்கல் முறையில் தீர்மானிக்கவும் இல்லை. ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் பலர் இன்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள்: கண்ணைப் பார், கையை ஆட்டாதே என்று மணிக்கணக்கில் பழக்கியது எங்களைக் காயப்படுத்தியது. அவர்கள் சொல்வதை நான் முழுமையாக நம்புகிறேன். நான் பார்த்த சென்டரில் பையன் சந்தோஷத்தில் கைகளை உதறியபோது யாரும் தடுக்கவில்லை. "யாருக்கும் அடிபடல, அவனுக்கும் அடிபடல. எதுக்கு நிறுத்தணும்?" என்றார் மூத்த மிஸ். என் அளவுகோலும் இதுதான். "உட்கார், கையைக் கட்டு, என்னைப் பார்" என்பதோடு நிற்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். "வேணும்", "வேண்டாம்", "போதும்" மூன்றையும் முதலில் கொடுக்கிற இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

வாரம் 40 மணி நேரம் நம் ஊரில் எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? நோட்டுப் புத்தகம் கொண்டுவந்த அம்மா தென்மாவட்டத்துக்காரர். கணவர் ஊரில் கடை பார்க்கிறார். இவர் பிள்ளையோடு இங்கே ஒற்றை அறையில் இருக்கிறார். துணைக்கு முறைவைத்து யாராவது வந்துபோகிறார்கள். கழுத்துச் செயின் அடகில் இருக்கிறது. இதற்கு மேல், "நீ கொஞ்சி வளக்கல, அதான் பேசல" என்று சொந்தக்காரர்களின் பேச்சு வேறு. தாயின் பாசக்குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் மனநல மருத்துவர்களே சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பனான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-இல் அதை உடைத்தெறிந்து புத்தகம் எழுதினார். அறுபது வருஷம் தாண்டியும் நம் வீட்டுத் திண்ணைகளில் அந்தப் பழி உயிரோடு இருக்கிறது. மிகப் பெரிய அநியாயம் இது.

சென்டரில் கற்றது வீட்டில் வராது என்பது இந்த வேலையின் பெரிய சிக்கல். அட்டையில் வாழைப்பழத்தைக் காட்டுகிற பிள்ளை கடையில் தொங்கும் தாரைக் கண்டுகொள்ளாது. அதனால் பெற்றோருக்கும் வேலை உண்டு. டிரவுசர் போடக் கற்றுக்கொடுப்பதை அங்கே ஓர் அப்பாவுக்குக் காட்டினார்கள். கால் நுழைப்பதில் தொடங்குவதில்லை. எல்லாவற்றையும் நாமே செய்து இடுப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட வேண்டும். கடைசி இழுப்பு மட்டும் பிள்ளையுடையது. அது பழகியதும் முட்டியில் நிறுத்துவது. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால், ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் பிள்ளைதான். அந்த அப்பா இரண்டு தடவை அவசரப்பட்டுத் தானே இழுத்துவிட்டார். மூன்றாவது தடவை கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களோடு ஒரு பரிசோதனை நடந்தது. நிபுணர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் ஆறு மாதம், பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டிப் பேசினார்கள். 2016-இல் வந்த முடிவுகளின்படி, பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஈடுகொடுப்பது கூடியது. பிள்ளைகள் தாமாகத் தொடங்கும் பரிமாற்றங்களும் கூடின. நம் கிராமங்களுக்கு ஏற்ற வழி இந்தத் திசையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் "அம்மாவே பார்த்துக்கொள்ளட்டும்" என்று கைகழுவுவதற்கு இது சாட்சி ஆகாது. அந்த அம்மாக்கள் பக்கத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

இந்தக் குடும்பங்களுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு. நான் பேசிய பெற்றோர் பலருக்கு இது தெரியவில்லை.

"ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருந்து ஒன்றிரண்டு வருஷத்தை விட்டுவிட்டு வந்தவர்கள்தான் அந்தப் பெஞ்சில் அதிகம். ஒன்றரை வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாத குழந்தை உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் தயவுசெய்து காத்திருக்கச் சொல்லாதீர்கள். மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் இதையும் பார்க்கிற, குழந்தைகளுக்கான மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது.