ரசமட்டம்

தூக்கம் வராத ராத்திரிகளில் நான் பார்க்கும் வீடியோக்களில் ஒரு ரகம் உண்டு. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் தன் வீட்டு பின்பால் மெஷினின் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பலகையை இஞ்ச் இஞ்சாகத் துடைத்துக்கொண்டிருப்பார். 80 கிராம் இரும்புக் குண்டு ஓடி ஓடி, படிந்த தூசியே உப்புத்தாள் மாதிரி ஓவியத்தை அறுத்துவிடுமாம். அதனால் துடைத்து, கர்னாபா மெழுகு தடவி, பளபளப்பு வரும்வரை தேய்ப்பார்கள். அரை மணி நேரம் அசையாமல் பார்ப்பேன்.

பின்பால் மெஷினை வீட்டில் வைத்திருக்கும் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கவலை எனக்குத் தெரியும். ப்ளைவுட் பலகை, மேலே ஒரு பூச்சு, அதில் வழுக்கி ஓடும் ஒரு பொருள், எதிரியாகத் தூசி. எங்கள் வீட்டில் அதற்குக் கேரம் போர்டு என்று பெயர்.

ஒரு வித்தியாசம். பின்பால் பலகை சாய்வாக இருக்க வேண்டும், ஆறரை டிகிரி என்பார்கள். கேரம் பலகை துளிகூடச் சாயக் கூடாது. 74 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் 19 காய்கள், ஒவ்வொன்றும் 5 முதல் ஐந்தரை கிராம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. இந்த எடைக்கு ஒரு நூல் சரிவே போதும், மெதுவாகப் போகும் காய் கடைசி நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மெழுகுக்குப் பதில் நமக்கு போரிக் பவுடர். போரிக் அமிலம் மெல்லிய தகடு தகடான படிகம், ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். கரப்பான் பூச்சிக்கு வைப்பதும் இதேதான். வீட்டில் குழந்தை இருந்தால் ஆட்டம் முடிந்ததும் கை கழுவுங்கள், டப்பாவை மேலே வையுங்கள்.

இந்த போர்டு செங்கல்பட்டில், கொளவாய் ஏரிப் பக்கம் இருந்த எங்கள் பழைய வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. வேலைக்காக நான் மாமல்லபுரத்துக்குக் குடிவந்தபோது கூடவே வந்தது. திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர், டாடா ஏஸில், மெத்தைகளுக்கு நடுவில். தூரம் சின்னதுதான், காற்று வேறு. கடல் பக்கத்துக் காற்றில் சட்டத்தின் ஸ்க்ரூ துருப்பிடிக்கும். ஐப்பசி மழையில் பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டும், காய் சோம்பேறியாகிவிடும். அப்போது எல்லாரும் பண்ணுவது இன்னும் கொஞ்சம் பவுடர் போடுவது. வேண்டாம். முதலில் பழையதை எடுக்கணும். பெயின்ட் பிரஷால் நான்கு மூலையிலும், சட்டத்தின் உள்விளிம்பு ஓரமாகவும் கூட்டி எடுத்து, நைந்த பருத்தி வேட்டித் துணியால் துடைக்கணும். தண்ணீர் கூடாது, மண்ணெண்ணெய் கூடவே கூடாது. வைக்கும்போது சுவரில் சாய்த்து வைத்தால் பலகை வளையும். படுக்க வையுங்கள், இடமில்லையென்றால் நேராக மாட்டுங்கள்.

பாக்கெட் வலை நான்கும் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தன. கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னா மீனும்மா புடிப்ப?" என்றார். மறுநாள் பச்சை நைலானில் நான்கு வலை தயார். கடையில் வாங்கியது எதுவும் இவ்வளவு கெட்டியாக இருந்ததில்லை.

இவ்வளவையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது சின்ன அத்தை. வீட்டில் அத்தைதான் நன்றாக ஆடுவாள் என்று அப்பாவே சொல்வார். பதினேழு வயதில், பையன்கள் வந்து போகும் இடத்தில் பெண் உட்காரக் கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டார். போர்டு திண்ணைக்குப் போனது. துடைக்கிற வேலை மட்டும் அத்தைக்கு வந்தது. ராத்திரி எல்லாரும் போனபிறகு போர்டை உள்ளே கொண்டுவந்து, பிரஷ் போட்டு, துணி போட்டு, காய் எண்ணி வைக்கணும். எண்ணி வைப்பதற்கு முன் தனியாக ஒரு ஆட்டம். கல்யாணம் ஆகும்வரை அப்படித்தான். "அவ்வளவு நேரமா என்னடி தொடைக்கிற?" என்று பாட்டி கேட்பாளாம்.

சென்னையின் கேரம் கதை பெரியது. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988ல் சென்னையில்தான் உருவானது. மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன், 1996ல் அர்ஜுனா விருது. வியாசர்பாடியிலிருந்து இளவழகி. 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம். அந்தச் செய்தியை அத்தைக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. எனக்கு அது புரிந்த மாதிரியும் இருந்தது.

இந்த வருஷம் போர்டில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆனாலும் ஒரு பக்கத்து பேஸ் லைன் அருகே காய் இடப்பக்கம் திரும்பியது. விரலால் தடவினால் மட்டும் தெரியும் ஒரு தேய்மானம், வார்னிஷ் போய் வெளுத்திருந்தது. அத்தை உட்காரும் பக்கம். கார்பென்டர் அண்ணன் பார்த்துவிட்டு, "நைஸ் தாளால ஒரு தடவ இழைச்சு லாக்கர் அடிச்சுரலாம்மா. மேல் தோல் மெல்லிசு, இன்னொரு தடவ தாங்காது" என்றார். கோடெல்லாம் போய்விடும், திரும்ப வரையணும்.

எனக்குக் கை வரவில்லை. அந்தப் பள்ளம் அத்தையின் ராத்திரிகள் என்றெல்லாம் மனதுக்குள் கட்டுரை ஓட ஆரம்பித்துவிட்டது. போன் பண்ணினேன்.

"இழைச்சுடு" என்றாள் அத்தை.

"அது உங்க பக்கம் அத்தை."

"தெரியுமே. அங்க காய் எவ்வளவு திரும்பும்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கணக்குல உங்கப்பாவை எத்தனை தடவ ஜெயிச்சிருக்கேன்." சிரித்தாள். "கோணல் போர்டுல ஜெயிச்சதெல்லாம் போதும். மட்டமா ஆக்கி வை, பொங்கலுக்கு வரேன்."

சைன்போர்டு எழுதும் ஒருவர் கோடுகளைப் போட்டுக் கொடுத்தார், வட்டங்களுக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் லாக்கர் மூன்று கோட். இப்போது முன் அறையில் மின்விசிறி போடாமல் காய்ந்துகொண்டிருக்கிறது. கார்பென்டர் பத்து நாள் தொடாதே என்றார். இன்று ஏழாவது நாள்.