ஐயாவும் வெள்ளைப் பணியாரமும்

ஐயாவுக்கு வெள்ளைப் பணியாரம்னா உசிரு. காரைக்குடி வீட்டுல ஒருநாள் பாதியில வச்சுட்டு, "தொண்டையில நிக்குதுடா"ன்னார். பல் செட்டு சரியில்லைன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். அப்புறம் இட்லியை ரசத்துல கரைச்சுக் குடிச்சார். மூணு மாசம் கழிச்சுதான் எண்டாஸ்கோப்பி. உணவுக்குழாய்ப் புற்றுநோய்.

சிகிச்சை முடிஞ்சு தேறினார். ஒரு வருஷத்துல வயித்துவலி, வாந்தி. சிறுகுடல்ல அடைப்பு. புதுசா வேற கட்டின்னு நினைச்சோம். பயாப்சியில செதில் செல் வகைன்னு வந்துச்சு. அந்த செல் உணவுக்குழாயோட உள்பக்கம் இருக்கிறது; சிறுகுடல்ல இயல்பா கிடையாது. ஆக, மேலேர்ந்து வந்ததுதான்.

சாப்பாட்டோட வழுக்கி இறங்கிடுச்சான்னு கேட்டேன். டாக்டர் சிரிக்கலை. பொதுவா இது நிணநீர்க் கணு, கல்லீரல், நுரையீரல், எலும்புன்னு பரவுமாம். குடலுக்குப் போறது அபூர்வம். ரத்தம் இல்லைன்னா நிணநீர் வழியா போயிருக்கும்னார். குடலுக்கு இருக்கிற வெளியுறை உணவுக்குழாய்க்குப் பெரும்பாலும் இல்லை, உள்ளே நிணநீர்க் குழாய்களும் அதிகம். அதனால சீக்கிரமே பரவக் கிளம்பிடுது.

பக்கத்துப் புதுக்கோட்டையில பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவங்க. 1954-ல அடையாறுல புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினாங்க. எழுபது வருஷம் தாண்டியும் நாங்க பல் செட்டைக் குறை சொல்லிட்டிருந்தோம்.

ஆபீஸ்ல ஒரு எர்ரர் வந்தா லாக் பார்க்காம விடமாட்டேன். ஐயா சொன்னதை விட்டுட்டேன். போன ஆடியில போயிட்டார்.

உங்க வீட்டுப் பெரியவங்க கெட்டியா சாப்பிட முடியலை, தண்ணியாவே கேக்குறாங்கன்னா, காரணம் நீங்களே கண்டுபிடிக்காதீங்க மக்களே. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.