அப்பாவின் குரல் இருந்த கார்டு

கடந்த பள்ளி விடுமுறையில் மகன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். "அப்பா, 1 டெராபைட் மெமரி கார்டு 25 ரிங்கிட்தான்! என் கையடக்க கேம் கருவிக்கு வாங்கித் தாங்க" என்றான். விலையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. கூடவே, மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய கார்டின் ஞாபகமும் வந்தது.

2003-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துச் சேமித்த பணத்தில் ஒரு கைக்கணினி வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும். குச்சியால் எழுதலாம், குரலையும் பதியலாம். அதில் செருக 64 மெகாபைட் எஸ்டி கார்டு. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் இருபது முப்பது படங்களிலேயே அது நிரம்பிவிடும்.

அப்பா பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஓய்வு பெற்ற பிறகு, மாலையில் லிட்டில் இந்தியாவில் தேநீர் குடித்துவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்து பழங்கதை பேசுவார். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதத்தின் பின்னால் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து தண்ணீர்மலை வரை நடந்த கதையை எத்தனை முறை கேட்டாலும் சலிக்காது. மொத்தம் பன்னிரண்டு பதிவுகள் செய்தேன். கருவியில் இடம் குறைந்ததால் ரதக் கதையை மட்டும் கார்டுக்கு மாற்றினேன்.

அடுத்த ஆண்டு அப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கைக்கணினியை எடுத்தால், பேட்டரி முழுதும் தீர்ந்திருந்தது. சார்ஜ் செய்து திறந்தேன். புதிதாக வாங்கிய கருவிபோல் தேதியையும் நேரத்தையும் கேட்டது. அந்தக் காலத்துக் கைக்கணினிகள் பலவற்றில், மின்சாரம் இருக்கும்வரைதான் உள் நினைவகத்தில் தகவல் தங்கும். பதினொரு பதிவுகள் போய்விட்டன. கார்டில் இருந்த ஒன்று மட்டும் பிழைத்தது, ஏனெனில் கார்டுக்குத் தகவலைக் காக்க மின்சாரம் தேவையில்லை.

இதை மகனிடம் சொன்னேன். "சரிப்பா, ஆனா பத்து காவான்ல சான்டிஸ்க், மைக்ரோன் தொழிற்சாலையெல்லாம் இருக்கே, நம்ம ஊர்ல மலிவாக் கிடைக்காதா?" என்றான். நல்ல கேள்விதான். ஆனால் பெயர் பெற்ற நிறுவனத்தின் 1 டெராபைட் கார்டு பல நூறு ரிங்கிட் விற்கும்போது, 25 ரிங்கிட்டுக்கு வருவது பெரும்பாலும் போலி. உள்ளே இருப்பது சிறிய சில்லு. தன்னிடம் 1 டெராபைட் இருப்பதாகப் பொய் சொல்லும்படி அதை மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் கோப்பின் பெயர் மட்டும் தெரியும், திறக்க வராது.

நம்பகமான கடையில் 128 ஜிகாபைட் கார்டு வாங்கினோம். அட்டையில் ஏ2 குறி இருக்கிறதா என்று பார்த்தோம். செயலிகளை கார்டிலிருந்தே இயக்க அது உதவும். வீடியோ எடுப்பவர்கள் வி30 குறியைப் பார்க்க வேண்டும்: நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும். வீட்டுக்கு வந்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் கார்டை முழுதும் நிரப்பி, திரும்பப் படித்துச் சோதித்தோம். கணினி 119 ஜிகாபைட் என்று காட்டியதும் மகன் பதறினான். அது ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரமாக எண்ணுவதைக் கணினி 1,024-ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

நல்ல கார்டும் பெட்டகம் ஆகாது. தொலையும், பழுதாகும்; பல ஆண்டு சும்மா கிடந்தால் அதிலுள்ள மின்னூட்டமும் மெல்லக் கசியும். அதனால் ரதக் கதையை இப்போது மடிக்கணினியிலும், வெளி வன்தட்டிலும், தங்கை வீட்டிலும் வைத்திருக்கிறேன்.

அன்றிரவு மகன் அதைக் கேட்டான். நான்கே நிமிடம். முடிந்ததும், "தாத்தா சிரிக்கிறது உங்களை மாதிரியே இருக்குப்பா" என்றான். பிறகு நான் சொல்லாமலே தன் புதிய கார்டில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குரல் ஒரே இடத்தில் இருக்கிறதா? இன்றே இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள்.