பசை போகட்டும், பெயிண்ட் நிற்கட்டும்

தம்பிகளே, செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கிய கையோடு உங்களுக்குக் கை துறுதுறுக்கும், பழைய சொந்தக்காரர் ஒட்டிவைத்த ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட. 2024 மே மாதம், தனியார் வண்டிகளில் 'பிரஸ்', 'போலீஸ்' என்று ஒட்டியிருந்தவர்கள் மீது சென்னைப் போக்குவரத்துப் போலீசார் நடவடிக்கை எடுக்கத் தொடங்கினார்கள். அப்போது பிளேடும் கையுமாக உட்கார்ந்து சுரண்டிய பிள்ளைகளைப் பார்த்தேன். ஸ்டிக்கர் போனது; டேங்கின் பளபளப்பும் கூடவே போனது. பெயிண்ட் பட்டறையிலேயே ஆயுளைக் கழித்தவனுக்கு அதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

எதை எடுக்கப் போகிறோம் என்று பார்க்கும் முன்னால், அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டேங்க் பெரும்பாலும் இரும்புத் தகடு. சைடு பேனல், முன்பக்க விசர் எல்லாம் அநேகமாக ஏபிஎஸ் பிளாஸ்டிக். நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் கோட் இருக்கும். தலைமுடி அளவு தடிமன்கூட வராது. பிளேடு கிழிப்பது அதைத்தான். கம்பெனி கிராபிக்ஸின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். விளிம்பு தட்டாமல் வழுக்கினால், அது கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம்.

அவசரக்காரர்கள் எடுப்பது தின்னர். பட்டறையில் மறுபடி பெயிண்ட் அடித்த வண்டியாக இருந்தால், துணியோடு நிறமே வந்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையே கரைக்கும். பெட்ரோல் பசையைக் கரைக்கும், சரி. ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஸ்டிக்கர்மேல் போர்த்துங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள். கழற்றி வைத்த பேனலுக்கு ஹேர் டிரையர் காட்டலாம்; பெட்ரோல் ஆவி சுற்றும் டேங்க் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சூடு ஏறினால் பசை இளகும். ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, ஸ்டிக்கரை அதன் முதுகின் மேலேயே மடித்து, தாழ்வாக, நிதானமாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் மேல்தாள் மட்டும் கையோடு வரும், பசை வண்டியிலேயே தங்கிவிடும்.

தங்கிய பசைக்குத் தேங்காய் எண்ணெய் போதும். தடவி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் கறுப்புத் திரி திரியாகச் சுருண்டு வரும். அதற்கும் அசையாத இடத்தில் நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு. அதை முதலில் சீட்டுக்கு அடியில் மறைவான இடத்தில் தடவிப் பார்த்துவிடுங்கள். சுரண்டியே ஆக வேண்டுமென்றால், பழைய ஏடிஎம் கார்டில் பனியன் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன். வேலை பழக வரும் பையன்களுக்கு முதலில் இந்த வேலையைத்தான் கொடுப்பேன். எண்ணெய் தடவிய அடுத்த நிமிஷமே சுரண்டுகிறவன் உண்டு; கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருக்கிறவனும் உண்டு. ஸ்பிரே கன்னை நான் நம்பிக் கொடுத்தது இரண்டாமவன் கையில்தான். காத்திருக்கும் நேரமும் வேலை நேரம்தான் என்று அவனுக்குப் புரிந்திருந்தது. அண்ணன் தம்பி மனஸ்தாபத்தையும் இன்றைக்கே பேசித் தீர்த்துவிட வேண்டுமென்று பிளேடோடு உட்காருகிறீர்களே, அங்கேயும் கொஞ்சம் இளக விடுங்கள். உங்கள் வயசில் இது கோழைத்தனமாகத் தெரியும். இல்லை, தம்பி. அடியில் இருப்பது உங்களுக்கு வேண்டியது, அதனால் பொறுக்கிறீர்கள்.

பசை போனதும் ஷாம்பு தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு நின்றால் தூசி அப்பும். எல்லாம் முடிந்த பிறகும் ஸ்டிக்கர் இருந்த இடம் தனி நிறமாகத் தெரியலாம். கறை என்று நினைத்துப் பதறாதீர்கள். வெயில் படாத அந்த இடத்தில் இருப்பதுதான் வண்டியின் பழைய நிறம். வெளுத்தது சுற்றியுள்ள பகுதி. ரப்பிங் காம்பவுண்டை மெல்லிய துணியில் தொட்டு, சுற்றிலும் லேசாக ஒருமுறை தேய்த்தால் வித்தியாசம் குறையும். ஒவ்வொரு தேய்ப்பிலும் கிளியர் கோட் கொஞ்சம் போகிறது என்பதால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேட் பெயிண்டுக்குக் காம்பவுண்டே ஆகாது; தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும், அதை மறுபடி மங்கலாக்க மறு பெயிண்ட்தான் அடிக்க வேண்டும்.