திங்கள் பிறப்பது ஞாயிறு மஃரிபில்

நம் வீட்டுப் பெரியவர்கள் வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும், "இன்று வெள்ளி இரவு" என்பார்கள். பள்ளிக்கூட நாள்காட்டியைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அது விந்தையாகத் தோன்றும். இஸ்லாமியக் கணக்கில் நாள் நள்ளிரவில் மாறுவதில்லை. சூரியன் மறையும்போது மாறுகிறது. ரமலான் பிறை தென்பட்ட அன்று இரவே தராவீஹ் தொழச் செல்வதும் இதனால்தான். இதே கணக்கின்படி, ஞாயிற்றுக்கிழமை மஃரிப் பாங்கு ஒலிக்கும்போதே திங்கட்கிழமை பிறந்துவிடுகிறது.

எங்கள் இல்லத்தின் வார ஒழுங்கு இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. வரும் வாரத்துக்கான ஆயத்தங்களை ஞாயிறு அஸருக்குள் முடித்துவிட வேண்டும். மஃரிபுக்குப் பிறகு புதிய நாளுக்குள் அமைதியாக நுழைய வேண்டும்.

நான் திருச்சியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். கணவர் ஒரு நிறுவனத்தில் கணக்கர். மகன் எட்டாம் வகுப்பிலும் மகள் மூன்றாம் வகுப்பிலும் பயில்கிறார்கள். எங்களுடன் வசிக்கும் மாமியாருக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. சனிக்கிழமைகளில் எங்கள் இருவரில் ஒருவருக்கேனும் வேலை இருக்கும். ஆகவே, வார இறுதி என்று பெயர் பெற்ற இரண்டு நாள்களில் எங்கள் கைக்கு வருவது ஒரு நாள்தான். கடை நடத்தும் குடும்பங்களுக்கு அந்த ஞாயிறே வியாபாரம் மிகுந்த நாளாக இருக்கும். அவர்கள் வெள்ளி பிற்பகலைத் தேர்ந்துகொள்ளலாம். எந்த நாள் என்பது முக்கியமன்று. வாரத்தில் ஒரு பொழுதை இதற்கென ஒதுக்குவதுதான் முக்கியம்.

ஏன் இவ்வளவு ஏற்பாடு? வேலைநாளின் காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். சுப்ஹு பாங்கு முதல் எட்டு மணிக்குப் பள்ளி வேன் வரும் வரை இரண்டரை, மூன்று மணி நேரம். அதற்குள் தொழுகை, பிள்ளைகளின் மக்தப், காலை உணவு, மூன்று டிபன் பாக்ஸ், பெரியவர்களின் மருந்து. இதனிடையே ஒரு காலுறையின் ஜோடி காணாமற்போனால் போதும். வீட்டில் குரல்கள் உயர்ந்துவிடும். அவ்வாறு உயரும் குரல், தொழுகையில் பெற்ற அமைதியை முதலில் கலைக்கிறது; அடுத்துப் பிள்ளையின் மனத்தை வாடச் செய்கிறது. ஒரு குழந்தை காலையில் தன் தாயிடமிருந்து கேட்கும் முதல் சொல் ஸலாமாக இருக்குமா, சினமாக இருக்குமா என்பதைப் பெரும்பாலும் முந்திய நாளே முடிவு செய்துவிடுகிறது. மாவும் மசாலாவும் சீருடையும் சிறிய விஷயங்கள்தாம். அவற்றை முன்கூட்டியே ஒழுங்குபடுத்துவதன் நோக்கம் அந்த முதல் சொல்லைக் காப்பாற்றுவது.

"எல்லாவற்றையும் அல்லாஹ் பார்த்துக்கொள்வான், எதற்கு இத்தனை திட்டம்?" என்று கேட்போரும் உண்டு. தவக்குல் என்பது முயற்சியை விட்டுவிடுவதன்று. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில், செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரிலேயே விட்டுச் சேமித்து, பின்வரும் பஞ்ச ஆண்டுகளுக்கு ஆயத்தமாகுமாறு அவர்கள் வழிகாட்டியதை நாம் ஓதுகிறோம். ஒரு நாட்டின் பதினான்கு ஆண்டுகளுக்குத் திட்டமிட்டவர் ஒரு நபி என்றால், ஒரு வீட்டின் ஏழு நாள்களுக்குத் திட்டமிடுவது ஈமானுக்கு முரணாகுமா?

எங்கள் ஞாயிறு இவ்வாறு செல்கிறது. சுப்ஹு தொழுததும் இட்லிக்கு ஊறவைத்துவிடுவேன்: நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். பள்ளிவாசலிலிருந்து கணவர் நேரே காந்தி மார்க்கெட் செல்வார். காய்கறியும் கறியும் அவர் பொறுப்பு. வீடு திரும்பியதும் கறியைக் கழுவி, ஒருவேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து உறைபெட்டியில் அடுக்குவதும் அவரே. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். சமையலறைக்குள் வரும் ஆண், மனைவிக்கு உதவி செய்கிறான் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது உதவியன்று, ஸுன்னத்.

பத்தரை மணியளவில் மாவு அரைத்தாகிவிடும். திருச்சி வெயிலில் அது இரவுக்குள் பொங்கிவிடும். பிறகு குளிர்பெட்டியில் வைத்தால் வியாழன் வரை கவலையில்லை. இஞ்சி பூண்டு விழுதில் சிறிது உப்பும் எண்ணெயும் சேர்த்துக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துவிடுவேன். வெங்காயமும் தக்காளியும் வதக்கிய தொக்கு ஒரு டப்பா. வாரநாளில் அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்தால் குருமாவுக்கும் ஆகும், முட்டைக் குழம்புக்கும் ஆகும்.

பிள்ளைகளின் பங்கு லுஹருக்குப் பிறகு. மகன் ஐந்து நாள்களுக்குமான சீருடைகளை எண்ணி, இஸ்திரி போட்டு வந்தவற்றை மாட்டி வைப்பான். இருவரின் காலணிகளுக்கும் பாலிஷ் போடுவான். மகள் காலுறைகளை ஜோடி சேர்ப்பாள். மக்தப் பையில் காயிதாவும் நோட்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பாள். அவளுக்கு மிகவும் பிடித்த வேலை இன்னொன்று. ஏழு நாள்களுக்குத் தனித்தனி அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியில் பாட்டியின் மாத்திரைகளை நிரப்பும்போது அருகில் அமர்ந்துகொள்வாள்.

"நன்னி, இந்த வெள்ளை மாத்திரை காலையிலா, ராத்திரியிலா?"

"சாப்பிட்ட பிறகும்மா. நீயே ஞாபகப்படுத்து, எனக்கு மறந்துபோகும்."

மருந்துச் சீட்டைப் பார்த்துச் சரிபார்ப்பது என் கடமை. ஆனால், வீட்டில் முதியவர் ஒருவரின் உடல்நலம் எல்லோர் கையிலும் உள்ள அமானிதம் என்பதை எந்தச் சொற்பொழிவும் இல்லாமல் அவள் கற்றுக்கொள்கிறாள். எந்த மாத்திரை தீர்ந்துவருகிறது என்பதும் அன்றே தெரிந்துவிடுவதால், புதன்கிழமை இரவில் மருந்துக் கடையைத் தேடி ஓட வேண்டியதில்லை.

அஸர் தொழுததும் பதினைந்து நிமிட மஷூரா. கலந்தாலோசித்துச் செயல்படுவதன் பெயரிலேயே, அஷ்ஷூரா என்று, குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. வீட்டுக்குள் அதற்கு ஓர் இடம் தர வேண்டாமா? சுவரில் மாட்டிய நாள்காட்டியில் அந்த வாரத்தின் தேர்வு, கட்டணம் கட்டும் நாள், மருத்துவரிடம் செல்லும் நாள், நலம் விசாரிக்க வேண்டிய உறவினர் பெயர் ஆகியவற்றைக் குறிக்கிறோம். அன்று பிள்ளைகளுக்கும் பேச உரிமை உண்டு. கணக்குத் தேர்வைப் பற்றிய அச்சத்தை என் மகன் வாய்விட்டுச் சொன்னது இப்படிப்பட்ட ஒரு மாலையில்தான். அந்த வாரம் முழுவதும் அவனுடைய அத்தா இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம் அவனுடன் அமர்ந்தார். கூட்டம் முடியும்போது ஒவ்வொருவரும் ஸதகா உண்டியலில் தம்மால் இயன்றதைப் போடுகிறோம்.

திங்கட்கிழமை நபி (ஸல்) அவர்கள் நோன்பு நோற்ற நாள்; தாம் பிறந்ததும் தமக்கு வஹீ அருளப்பட்டதும் அந்நாளில்தான் என்று அவர்கள் கூறியிருக்கிறார்கள். உலகம் சலித்துக்கொள்ளும் நாளை நாம் அப்படி வரவேற்கலாகாது. கணவர் இயன்ற திங்கட்கிழமைகளில் நோன்பு வைப்பார். பகல் குறைந்த மார்கழி, தை மாதங்களில் மகனும் சேர்ந்துகொள்வான். சஹருக்குரிய உணவு ஞாயிறு மாலையே ஆயத்தமாக இருப்பதால், நோன்பாளியும் பிறர் தூக்கத்தைக் கெடுக்காமல் எழுந்து உண்ண முடிகிறது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். வாரத்தை இலகுவாக்கப் புறப்பட்டு, விடுமுறையையே சுமையாக்கிவிடக் கூடாது. எங்கள் கணக்கில் மொத்த வேலையும் மூன்று மணி நேரத்தைத் தாண்டாது. தாண்டினால் எஞ்சியதை விட்டுவிடுவோம். நிக்காஹ், மௌத், விருந்தினர் வருகை என்று ஞாயிறு முழுவதும் போய்விடும் வாரங்கள் உண்டு. உறவைப் பேணுவது எந்த டப்பாவையும்விட மேலானது. அத்தகைய வாரங்களில் மாத்திரைப் பெட்டி, சீருடை, மாவு ஆகிய மூன்று மட்டும். மற்றவை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது, குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்னும் நபிமொழி வீட்டு ஒழுங்குக்கும் பொருந்தும். புதிதாகத் தொடங்குவோர் ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, ஒரு மாதம் விடாமல் செய்து பார்க்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் களைப்பு வரும். திருகையில் மாவரைத்துக் கைகள் காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) அவர்கள், தம் தந்தையிடம் பணியாள் ஒருவரைக் கேட்கச் சென்றார்கள். அதைவிடச் சிறந்தது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தது, படுக்கைக்குச் செல்லும்போது ஸுப்ஹானல்லாஹ் 33 முறை, அல்ஹம்து லில்லாஹ் 33 முறை, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதுவதை. இன்று திருகையின் இடத்தில் கிரைண்டர் வந்துவிட்டது; ஆயினும் தாய்மார்களின் சோர்வு குறைந்ததாகத் தெரியவில்லை. எவ்வளவு திட்டமிட்டாலும் நம் கைகளுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்கு அப்பால் நம்மைத் தாங்குவது அவனுடைய நினைவு மட்டுமே.

நம் இல்லங்களின் காலைப் பொழுதுகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! நம் பிள்ளைகள் கேட்கும் முதல் சொல்லை ஸலாமாக ஆக்குவானாக! ஆமீன்.